எழுதிய கையும் அச்சுக் கோத்த கையும்

2017 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓர் இரவு, இரண்டு மணியளவில் திடுக்கிட்டு விழித்தேன். வலது கை என்னுடையதல்லாத ஒரு பொருளைப் போலக் கட்டிலின் ஓரத்தில் கிடந்தது. பெருவிரலும் அதற்கடுத்த இரு விரல்களும் விறைத்து, நெருப்பில் வாட்டியது போல எரிந்தன. பாரிசவாதம் வந்துவிட்டது என்றே எண்ணினேன். எழுந்து கையை உதறினேன். இரண்டு மூன்று நிமிடங்களில் உணர்வு மெல்லத் திரும்பியது. வீட்டாரை எழுப்பவில்லை. காலையில் எவருக்கும் சொல்லவும் இல்லை.

பிறருடைய நோய் நொடிகளையும் விபத்துக்களையும் துருவித் துருவிக் கேட்டு எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் நான். ஆனால், சொந்த உடம்பு தந்த செய்தியை ஓராண்டுக்கும் மேலாக வெளியிடாமல் அமுக்கி வைத்திருந்தேன். இரவில் விழிப்பதும் கையை உதறுவதும் வழக்கமாகிவிட்டன. பின்னர் பகலிலும் விறைப்பு வந்தது. சட்டைப் பொத்தானைப் பூட்டுவதற்கு நேரமெடுத்தது. நாணயக் குற்றிகளைப் பையிலிருந்து எடுக்கையில் அவை வழுவி விழுந்தன. ஒருநாள் சுடச்சுடத் தேநீர் இருந்த வெள்ளிக் குவளையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். சூடு தெரியவில்லை. சுட்டுவிரலில் கொப்புளம் எழும்பிய பின்னரே, இனியும் ஒளிக்க இயலாது என்று உணர்ந்தேன்.

குடும்ப வைத்தியர் என்னை ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார். என் மகளின் வயதை ஒத்தவர் அவர். கையைப் பார்ப்பதற்கு முன்னரே ஒரு கேள்வி கேட்டார்.

"சின்னவிரலும் விறைக்குதா ஐயா?"

யோசித்துப் பார்த்தேன். இத்தனை மாதங்களாக அவதிப்பட்டும் அதனை நான் கவனித்ததில்லை. சின்னவிரல் ஒருபோதும் விறைத்ததில்லை. மோதிர விரலிலும் பெருவிரல் பக்கத்துப் பாதிதான் விறைத்தது. அதைச் சொன்னதும் அவர் தலையசைத்தார். பிறகு இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் கீழ்நோக்கியிருக்கும்படி பிடிக்கச் சொன்னார். கைகூப்புவதைத் தலைகீழாகச் செய்வது போன்றது அது. ஒரு நிமிடம் ஆவதற்குள் விரல்களில் விறைப்பு ஏறத் தொடங்கிவிட்டது. மணிக்கட்டின் நடுவில் தன் விரலால் தட்டினார். மின்சாரம் பாய்ந்தது போல நடுவிரல் வரை ஓடியது. நோயின் பெயர் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்றார்.

மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. அவை வரிசையாக அமைந்து ஒரு வாய்க்காலைப் போலக் குழிந்திருக்கின்றன. அந்த வாய்க்காலின் மேல் தடித்த நார்ப்பட்டை ஒன்று மூடியாக அமைந்திருக்கிறது. இப்படி உண்டாகும் குகைக்குள்ளாகத்தான் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு நெருங்கியபடி ஒரு நரம்பும் உள்ளங்கைக்குச் செல்கின்றன. குகையின் சுவர் எலும்பு, கூரை நார்ப்பட்டை. இரண்டும் விரிந்து கொடுக்கா. உள்ளே சற்று வீக்கம் ஏற்பட்டாலும் நசிவது நரம்புதான். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றுக்கு உணர்வைத் தருவதும், பெருவிரலின் அடியிலுள்ள சதைமேட்டின் பெரும்பகுதியை இயக்குவதும் இந்த நரம்பே. சின்னவிரலுக்குரிய நரம்பு இக்குகைக்கு வெளியே வேறு வழியாகச் செல்கிறது. அந்தக் கேள்வியின் சூட்சுமம் அதுதான்.

என் மனதில் ஒரு சிறு பெருமிதம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதிய கை அல்லவா, அதற்குத் தொழில் தந்த தழும்பு இது என்று எண்ணிக்கொண்டேன். அதை மருத்துவரிடமும் சொன்னேன். அவர் சிரித்தார். அதிரும் இயந்திரங்களைப் பிடித்து வேலை செய்வோருக்கும், ஓயாது அழுத்திப் பிடித்து வேலை செய்வோருக்கும் இது கூடுதலாக வருவது உண்மை. எழுதுவதாலும் தட்டச்சு செய்வதாலும் வருகிறது என்பதற்குச் சான்று அத்தனை வலுவாக இல்லை என்றார். நீரிழிவு, தைரொய்ட் சுரப்பிக் குறைபாடு, மூட்டுவாதம், கர்ப்பகாலம் ஆகியனவே அவர் அடுக்கிய காரணங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருமாம். எனக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவு. தழும்பு பேனா தந்ததல்ல, சீனி தந்தது.

தொடக்கத்திலேயே வந்திருந்தால், இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் மட்டையொன்றைக் கட்டிக்கொண்டு படுப்பதோடும், தேவையானால் ஓர் ஊசியோடும் தணிந்திருக்கக்கூடும். நான் வந்தது பிந்தி. இரு கைகளையும் அருகருகே வைத்துக் காட்டினார். இடது கையில் பெருவிரலின் அடிமேடு புடைத்திருந்தது. வலது கையில் அது வற்றிய குளம் போலக் குழிந்திருந்தது. நாள்தோறும் பார்த்த கை அது. என் கண்ணுக்கு அது தெரிந்ததேயில்லை. நரம்பில் மின்னோட்டம் செல்லும் வேகத்தையும் அளந்து பார்த்தார்கள். சத்திரசிகிச்சைதான் வழி என்று முடிவாயிற்று.

2019 இல் அது நடைபெற்றது. மயக்க மருந்து தரவில்லை. உள்ளங்கையின் அடியில் விறைப்பு ஊசி மட்டும் ஏற்றினார்கள். அந்த ஊசியில் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்திருந்தது. விரல்களில் அட்ரினலின் ஏற்றினால் இரத்தவோட்டம் நின்று விரல் அழுகிவிடும் என்று பல பத்தாண்டுகளாக மாணவர்களுக்குக் கற்பித்து வந்தார்களாம். கனடாவைச் சேர்ந்த டொனால்ட் லலோண்ட் முதலிய மருத்துவர்கள் இந்த அச்சம் ஆதாரமற்றது என்று காட்டிய பின்னர், கையின் சத்திரசிகிச்சைகள் பலவற்றை நோயாளி விழித்திருக்கும்போதே, மேற்கையில் இறுக்கிக் கட்டும் பட்டியும் இல்லாமல் செய்ய முடிகிறது. ஒரு தொழிலில் எல்லோரும் ஐயமின்றிச் சொல்லிவரும் ஒன்று பிழையாகவும் இருக்கலாம் என்பது எங்கள் தொழிலுக்கும் பொருந்தும்.

நான் படுத்திருந்தேன். கைக்கும் முகத்துக்கும் இடையே பச்சைத் துணியால் மறைத்திருந்தார்கள். மருத்துவர் பேச்சுக் கொடுத்தார். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். பத்திரிகை என்றேன். அச்சகம் எல்லாம் பார்த்திருப்பீர்களே என்றார். அந்த ஒரு சொல்லில், நாற்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முந்திய ஓர் இரவு என் முன் வந்து நின்றது.

1976 ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஈய எழுத்துக்களைக் கையால் பொறுக்கி அடுக்கும் காலம் அது. அச்சுக்கோப்பாளர்களில் ஒருவரைக் காண்பதற்கென்றே நான் சில வேளைகளில் கீழே இறங்கிச் செல்வதுண்டு. தென்மராட்சியைச் சேர்ந்தவர், அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றே அழைத்தோம். இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்தபடி, வலது கையால் எழுத்தைப் பொறுக்குவார். தமிழ் எழுத்துப் பெட்டியில் நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் உண்டு. கொம்பும் காலும் விசிறியும் தனித்தனி அறைகளில் கிடக்கும். பழைய முறை லை, ணை, றா எழுத்துக்களுக்கு வேறு அறைகள். அவருடைய கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கை தானாகவே அறைகளைத் தேடிப் போய்வரும். என் கோழிக்கிறுக்கல் எழுத்தைப் பிழையின்றிப் படிக்கக் கூடியவர் அந்தக் கட்டிடத்தில் அவர் ஒருவரே.

அன்றிரவு முதற்பக்கம் கட்டி முடிந்து, புரூஃப் எடுத்து, நானும் ஒப்பமிட்டுவிட்டேன். அப்போது ஒரு தொலைபேசி அழைப்பு. படமொன்றின் கீழே பிரதி அமைச்சர் ஒருவரின் பெயருக்கு முன்னால் 'கௌரவ' என்ற சொல் விடுபட்டிருப்பதாகச் செய்தி. உடனே சேர்க்குமாறு ஆசிரிய பீடத்தில் சொன்னார்கள். கீழே ஓடினேன். எழுதும்போது அது மூன்று எழுத்து. ஈயத்தில் கொம்பும் ளகரமும் சேர்ந்து ஐந்து துண்டு. அந்த ஐந்துக்கு இடங்கொடுக்க வரி முழுவதையும் பிரித்து அடுக்க வேண்டும். புரூஃப் எடுத்த பக்கத்தில் மை படிந்திருக்கும் என்பதால், அதனை மண்ணெண்ணெயால் கழுவிய பின்னரே கை வைக்கலாம். அண்ணை மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுக்கப் போனார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"கெதியா அண்ணை, கெதியா" என்றேன்.

அவர் திரும்பினார். கையில் எண்ணெய் பட்டிருந்ததோ என்னவோ, போத்தல் நழுவியது. பக்கத்தின் மீது விழுந்துவிடக் கூடாதே என்று எட்டிப் பிடித்தார். இரும்பு மேசையின் விளிம்பில் போத்தல் உடைந்ததும் அவருடைய கை அதை இறுகப் பற்றியதும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன. சுட்டுவிரலிலும் நடுவிரலிலும், உள்ளங்கையோடு விரல் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு வெட்டு. ஓர் அங்குலமும் இராது. கந்தல் துணியொன்றைச் சுற்றிக்கொண்டு, வைத்தியசாலைக்குப் போக வாகனம் ஏறுகையில் அவர் என்னிடம் கேட்டார்.

"தம்பி, கௌரவ போட்டாச்சுதோ?"

ஃபோர்மன் அந்தத் திருத்தத்தைச் செய்து முடித்திருந்தார். பத்திரிகை நேரத்துக்கு வெளிவந்தது.

வைத்தியசாலையில் காயத்தைக் கழுவி, தோலைத் தைத்து அனுப்பினார்கள். மூன்று வாரங்களில் அண்ணை வேலைக்குத் திரும்பினார். காயம் அழகாக ஆறியிருந்தது. ஆனால், அந்த இரு விரல்களும் அடிக் கணுவில் மட்டுமே மடங்கின. நடுக்கணுவும் நுனிக்கணுவும் கம்பு போல நேராகவே நின்றன. "எழுத்தைப் பிடிச்ச மாதிரித்தான் இருக்கு தம்பி, பாத்தால் கையில இல்லை" என்றார். நடுவிரலின் ஒரு பக்கத்தில் உணர்வும் இருக்கவில்லை. கொஞ்ச நாளில் பெருவிரலாலும் மோதிர விரலாலும் எழுத்தைப் பொறுக்கப் பழகிக்கொண்டார். வேகம் பாதியாயிற்று. பிறகு அவரை எழுத்துக்களைக் கலைத்து மீண்டும் அறைகளில் போடும் வேலைக்கு மாற்றினார்கள். பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு முதலில் கொடுக்கும் வேலை அது.

இவ்வளவையும் சத்திரசிகிச்சை மேசையில் படுத்தபடியே சொன்னேன். துணிக்கு அப்பாலிருந்து மருத்துவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னவற்றையும், அதன்பின் நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

நமது விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசை கிடையாது. ஒரு கையால் மற்றைய முழங்கையின் கீழே பிடித்துக்கொண்டு விரல்களை அசைத்துப் பாருங்கள். உங்கள் பிடிக்குள் தசைகள் நெளிவது தெரியும். விரலை மடக்கும் வலு அங்கேதான் பிறக்கிறது. பொம்மலாட்டக் கயிறு போன்ற தசைநாண்கள் அந்த வலுவை விரல் நுனிவரை கொண்டு வருகின்றன. பெருவிரல் தவிர்ந்த ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு கயிறுகள். ஒன்று நடுக்கணுவை மடக்கும், மற்றையது நுனிக்கணுவை மடக்கும். விரலின் அடிப்பகுதியில் இரண்டும் ஒரு குறுகிய உறைக்குள் ஒன்றையொன்று தழுவியபடி வழுக்கிச் செல்கின்றன. அண்ணைக்கு வெட்டு விழுந்தது சரியாக அந்த இடத்தில். கயிறு அறுந்ததும் மேல்முனை உள்ளங்கைக்குள் இழுபட்டுப் போய்விடும். வெளியே தெரிவது ஓர் அங்குலத் தோல்வெட்டுத்தான். தோலைத் தைத்தால் வாசலைப் பூட்டியதாகும், உள்ளே அறுந்தது அறுந்தபடியே கிடக்கும்.

கை சத்திரசிகிச்சையைத் தனியொரு துறையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ஸ்டேர்லிங் பன்னல். இரண்டாம் உலக யுத்தத்தில் கை சிதைந்த படையினருக்கென அமெரிக்க இராணுவம் தனிச் சிகிச்சை நிலையங்களை அமைத்தபோது வழிகாட்டியவரும் அவரே. 1944 இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று. விரலின் இந்தக் குறிப்பிட்ட பகுதிக்கு அவர் இட்ட பெயர், யுத்தகளத்தில் இரு படைகளுக்கும் இடையே கிடக்கும் எவருக்கும் உரித்தில்லாத நிலத்தைக் குறிப்பது. அங்கே அறுந்த தசைநாணை உடனே தைத்தால், தையல் போட்ட இடம் சுற்றியுள்ள உறையோடு ஒட்டிப்பிடித்து விரல் அசையாமலே போய்விடும். ஆகவே தோலை மட்டும் மூடி ஆறவிட்டு, பின்னொரு நாளில் வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்டுவதே நெடுங்காலம் பாதுகாப்பான வழியெனக் கருதப்பட்டது. 1960 களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஹரோல்ட் கிளைனெர்ட்டும் அவருடைய சகாக்களும், அந்த இடத்திலேயே உடனே தைத்து, றப்பர் பட்டியின் துணையோடு சில நாட்களிலேயே விரலை அசைக்கத் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும் என்று காட்டினார்கள். துறையில் பலர் அதனை எளிதில் நம்பவில்லை.

"அந்தக் காலத்தில உடன தைக்காமல் விட்டதைப் பிழை எண்டு சொல்ல ஏலாது ஐயா" என்றார் மருத்துவர். "பிறகு ரெண்டாவது ஒப்பரேஷனுக்கு வரச் சொல்லியிருப்பினம்."

சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். அண்ணை போகவில்லை. மீண்டும் ஒரு வெட்டு, மீண்டும் பல வாரங்கள் வேலையில்லை, ஊரிலே நான்கு பிள்ளைகள்.

இன்று அவ்வாறான வெட்டோடு ஒருவர் வந்தால், அன்றோ அடுத்த சில நாட்களுக்குள்ளோ தசைநாணை வலுவான நூலால் தைக்கிறார்கள். நோயாளி விழித்திருந்தால், தோலை மூடுமுன் விரலை மடக்கிக் காட்டச் சொல்லி, தையல் வழுக்கிச் செல்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்கள். ஆனால், பாதி வேலை அதற்குப் பின்னர்தான். மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் இயன்மருத்துவரின் மேற்பார்வையில் விரலை மெல்ல அசைக்கத் தொடங்க வேண்டும். அசைக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் தையல் அறுந்துவிடும். முழு வலுவோடு கையைப் பயன்படுத்த ஏறத்தாழ மூன்று மாதங்கள் செல்லும். நரம்பும் அறுந்திருந்தால், தைத்த பின்னர் அது நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவிலேயே வளர்ந்து செல்லும். பொறுமைதான் இதில் அரைவாசி மருந்து.

தசைநாணைப் பற்றிப் பேசுகையில் எங்கள் பக்கத்து மனிதர் ஒருவரை விட்டுச் செல்ல இயலாது. தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914 இல் ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த போல் பிராண்ட், 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் நரம்பு கெட்டு, விரல்கள் கொக்கி போல வளைந்துபோனவர்களை அங்கே கண்டார். அந்தச் சதை கெட்ட சதை, அறுத்தால் ஆறாது என்பதே அன்றைய நம்பிக்கை. ஆறும் என்று அவர் செய்து காட்டினார். இயங்கக்கூடிய நிலையிலுள்ள தசையொன்றின் நாணை இடம் மாற்றித் தைத்து, இயங்காத விரலுக்கு அசைவு கொடுத்தார். ஆனால், விரல் நிமிர்ந்தவர்கள் சில காலத்தில் திரும்பி வந்தார்கள். கை குணமானாலும் தொழுநோயாளி என்ற பெயர் போகாததால் எவரும் வேலை தரவில்லை. ஆகவே தச்சுவேலை தெரிந்த அந்த மருத்துவர், அவர்களுக்குத் தொழில் பழக்க ஓர் இடத்தையும் அமைத்தார். வலியை உணராத கை தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது என்பதையும் வலியுறுத்தி வந்தவர் அவர். மட்டக்களப்பு வாவியில் மாந்தீவுத் தொழுநோய் வைத்தியசாலையைப் பற்றிக் கேள்விப்பட்டே வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதன் பொருள் விளங்கும். தேநீர்க் குவளையில் விரல் வெந்ததை அறியாத எனக்கு இன்னும் நன்றாக விளங்கியது.

என்னுடைய சத்திரசிகிச்சை இருபது நிமிடங்களில் முடிந்தது. குகையின் கூரையாக இருந்த நார்ப்பட்டையை வெட்டி விட்டார்கள். அவ்வளவுதான். அன்றிரவு கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுத்தேன். பல மாதங்களுக்குப் பின்னர் விடியும்வரை உறங்கினேன். இரண்டு வாரத்தில் தையல் பிரித்தார்கள். உள்ளங்கையின் அடியில் நோவு மூன்று மாதம் இருந்தது. விறைப்பு பெரும்பாலும் அகன்றது. நடுவிரல் நுனியில் சற்று மிச்சமிருக்கிறது. வற்றிய சதைமேடு மீண்டும் நிரம்பவில்லை. பிந்தி வந்ததன் விலை அது. போத்தல் மூடியைத் திறக்க இன்றும் இடது கையைத்தான் நாடுகிறேன்.

மருத்துவர் சொன்ன ஒரு வசனம் என்னுடன் வீட்டுக்கு வந்தது. பிழை எண்டு சொல்ல ஏலாது. வைத்தியசாலையின் மேல் நாற்பத்துமூன்று ஆண்டுகளாக நான் சுமத்தி வைத்திருந்த பழியை அவர் இறக்கி வைத்துவிட்டார். அது இறங்கியதும், அதன் அடியில் கிடந்த மற்றொன்று வெளியே தெரிந்தது.

இலங்கையில் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 ஆம் ஆண்டு முதல் உண்டு. வேலை செய்கையில் காயமுற்று, உழைக்கும் ஆற்றலை நிரந்தரமாக இழந்தவருக்கு வேலை கொள்வோர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். விண்ணப்பிப்பதற்கு ஆணையாளர் ஒருவரும் கொழும்பிலேயே இருந்தார். இதை நான் அறியாதவன் அல்லன். துறைமுகத்திலும் தோட்டங்களிலும் காயமுற்றவர்களைப் பற்றி எழுதும்போது இச்சட்டத்தின் பெயரை நானே பலமுறை குறிப்பிட்டிருக்கிறேன். அந்த வரிகளை ஈயத்தில் அடுக்கிய கைகளில் அண்ணையின் கையும் ஒன்று.

நிர்வாகம் மருந்துச் செலவையும் மூன்று வாரச் சம்பளத்தையும் கொடுத்தது. அது பெரிய மனது என்று அச்சகத்தில் பேசிக்கொண்டார்கள். அது உரிமையின் ஒரு துண்டு மட்டுமே என்று சொல்லத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். சொல்லவில்லை. சொன்னால் அண்ணை விண்ணப்பிப்பார், விண்ணப்பித்தால் விசாரணை வரும், விசாரணையில் அன்றிரவு அவரை அவசரப்படுத்தியது யார் என்ற கேள்வி வரும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, வேலை நிரந்தரமாகி ஓராண்டு. இவற்றையெல்லாம் அன்று இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். யோசிக்காமல் இருப்பது வசதியாக இருந்தது என்பதே சரி.

1981 இல் அண்ணை வேலையை விட்டு ஊருக்குப் போனார். விடைபெறும்போது அந்தக் கையால்தான் என் கையைப் பிடித்தார். நிமிர்ந்து நின்ற இரண்டு விரல்களும் என் மணிக்கட்டில் படிந்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது. "உம்மட எழுத்தை இனி ஆர் வாசிக்கப் போகினம்" என்று சிரித்தார். அதன்பின் நான் அவரைக் காணவில்லை. தொண்ணூறுகளில் அவர் காலமான செய்தி, மாதங்கள் பல கழித்து ஒருவர் வாய்மொழியாக எனக்கு வந்து சேர்ந்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துச் செய்திகள் அப்படித்தான் வந்தன.

இதை வாசிப்பவர்கள் சிலவற்றை நினைவில் வைத்திருப்பது நல்லது. கண்ணாடியாலோ கத்தியாலோ உள்ளங்கைப் பக்கத்தில் வெட்டு விழுந்தால், காயம் சிறியதென்று அமைதியடைய வேண்டாம். தையல் போடுமுன் ஒவ்வொரு கணுவும் தனித்தனியே மடங்குகிறதா, விரல் நுனியின் இரு பக்கங்களிலும் உணர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றுங்கள். விரல் துண்டாகிவிட்டால், துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த நீரில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் இழையம் கெட்டுவிடும். 1963 இல் சங்காய் நகரில் சென் சொங்வெய் என்ற மருத்துவர் தொழிலாளி ஒருவரின் துண்டான கையை மீளப் பொருத்தினார். 1965 இல் ஜப்பானின் நாராவில் கொமட்சு, தமாய் ஆகிய இருவரும் நுணுக்குக்காட்டியின் உதவியோடு துண்டான பெருவிரலைப் பொருத்தினார்கள். அன்று அதிசயமாக இருந்தவை இன்று பல வைத்தியசாலைகளில் செய்யப்படுகின்றன. இரவில் கை விறைத்து விழிப்பவர்கள் என்னைப் போல இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம்.

வேலைத்தளத்தில் காயமுற்ற ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால், மருந்தைப் பற்றிக் கேட்ட பின்னர் சட்டத்தைப் பற்றியும் அவருக்குச் சொல்லுங்கள். அந்தச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது.

1976 இல் ஒரு நாளிதழ் அச்சகத்தில் அச்சுக்கோப்பாளர் ஒருவர் தம் வலக்கை விரல்கள் இரண்டின் இயக்கத்தை இழந்தார். நான்கு வரிச் செய்தி. எழுதியிருக்க வேண்டியவன் நான்.